வேல்சின் பயணியர் வரியும் சிறு கேரவன் பூங்காக்களும்

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்சில் இரவு தங்கும் பயணிகளின் பேரில் வரி விதிக்க வழிசெய்யும் சட்டம் 2025-இல் நிறைவேறியது. ஆயினும், வரி வேண்டுமா என்பதை மக்களிடம் கருத்துக் கேட்டபின் அந்தந்த உள்ளாட்சி மன்றமே முடிவுசெய்ய வேண்டும். 2027-க்கு முன் எங்கும் வசூல் தொடங்காது. ஆகவே கேரவன் (வண்டி வீடு) பூங்காக்களை, அதாவது பயணிகள் வண்டி வீடுகளிலும் கூடாரங்களிலும் தங்கும் இடங்களை, நடத்தும் உரிமையாளர்கள் பலருக்கு இது இன்னும் முன்மொழிவுதான். சிறு தொழில்களுக்குக் கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில், வரித்தொகையைவிட அதைக் கணக்கிட்டுச் செலுத்தும் வேலையே இவர்களை அதிகம் அழுத்தும் என்று கருதுகிறேன்.

சொந்தக் கேரவனை இழுத்துவந்தோ கூடாரம் அடித்தோ தங்குபவருக்கு ஓர் இரவுக்கு வரி 75 பென்ஸ் (ஒரு பவுண்டுக்கு 100 பென்ஸ்). இவ்வகையில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு விலக்கு உண்டு. பூங்கா வாடகைக்கு விடும் நிலையான கேரவனில் தங்கினால், குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் 1.30 பவுண்டு. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் மூன்று இரவுகள் தங்கினால் முதல் வகையில் 4.50 பவுண்டும் இரண்டாவதில் 15.60 பவுண்டும் ஆகும். ஒரே வேலிக்குள் இரண்டு விகிதங்கள் என்பதால், இதுவரை பெயரும் வண்டி எண்ணும் மட்டும் எழுதிவந்த முன்பதிவு ஏட்டில் இனி தலைக்கணக்கும் வயதும் தங்கும் வகையும் இடம்பெற்றாக வேண்டும். பெரிய நிறுவனத்தில் இதை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். கணவனும் மனைவியுமாக நடத்தும் பூங்காவில், கழிப்பறை கழுவி முடித்தபின் அவர்களில் ஒருவர்தான் உட்கார்ந்து எழுத வேண்டும்.

வரியைச் செலுத்தும் சட்டப் பொறுப்பு பயணியுடையது அன்று, பூங்கா நடத்துபவருடையது. எனவே அந்தத் தொகை அவருடைய விற்பனை வருவாயில் சேரும். வாட் எனப்படும் மதிப்புக் கூட்டு வரிக்குப் பதிவுசெய்தவர் அதன்மீதும் 20 சதவீதம் கட்ட வேண்டும். ஆண்டு வருவாய் 90,000 பவுண்டு என்ற வாட் பதிவு வரம்பை நெருங்கி நிற்பவர் இதை இப்போதே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது.

1960-ஆம் ஆண்டுக் கேரவன் தளச் சட்டப்படி, அங்கீகாரம் பெற்ற சங்கங்களின் சான்றிதழோடு ஐந்து கேரவன்களை மட்டும் நிறுத்தவிடும் பண்ணையாளருக்குத் தள உரிமம் தேவையில்லை. அந்த விலக்கு பயணியர் வரிச் சட்டத்துக்கும் பொருந்தும் என்று பலர் எண்ணுகிறார்கள், பொருந்தாது. இச்சட்டம் ஏற்படுத்தும் தங்குமிடம் அளிப்போர் பதிவேட்டில் அவர்களும் சேர வேண்டும்.

ஒரே ஒப்பந்தத்தில் 31 இரவுகளுக்கு மேல் தங்குபவர்களுக்கு வரி இல்லை என்பதால், பருவம் முழுவதற்கும் இடம் எடுத்தவர்களின் ஒப்பந்தங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். மன்றம் கருத்துக் கேட்கும்போது பொதுவான எதிர்ப்பை எழுதாமல், உங்கள் பூங்காவில் இந்த வேலைக்கு வாரத்துக்கு எத்தனை மணிநேரம் பிடிக்கும் என்று எழுதுங்கள். 2027-க்கான முன்பதிவு விதிகளில், வரி வந்தால் அது வாடகையுடன் கூடுதலாக வசூலிக்கப்படும் என்ற வாசகத்தையும் சேர்த்துவிடுங்கள்.