ஃபோகஸ் குரூப் – தமிழில் குவியக் குழு

பண்புசார் ஆய்வு, அதாவது எண்களை விட்டு மக்களின் பேச்சையும் அனுபவத்தையும் வைத்துச் செய்யும் ஆய்வு, செய்கிறவர்கள் சிலரை ஒன்றாக உட்காரவைத்து ஒரு விஷயத்தைப் பற்றிப் பேசவைக்கும் ‘ஃபோகஸ் குரூப் டிஸ்கஷன்’ என்பதைத் தமிழில் எழுதும்போது இலக்குக் குழு என்கிறார்கள், இல்லையென்றால் மையக் குழு. இரண்டுமே பொருந்தாது. ஒரு திட்டம் யாரைப் போய்ச் சேர வேண்டுமோ அவர்கள்தான் இலக்குக் குழு. மையக் குழு என்றால் ஓர் அமைப்பில் முடிவெடுக்கிற நாலைந்து பேர் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஃபோகஸ் லத்தீன் சொல், அடுப்பு என்று பொருள். ஒளிக்கதிர்கள் வந்து சேரும் புள்ளிக்கு இந்தச் சொல்லை 1604-இல் வானியலாளர் கெப்ளர் எடுத்தாண்டார். நாம் பள்ளியில் குவியம் என்று படித்தது அதைத்தான்.

ஆய்வுக்குள் இது வந்த கதை 1941-இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமூகவியலாளர் பால் லசார்ஸ்ஃபெல்டு சிலரை உட்காரவைத்து வானொலி நிகழ்ச்சியைக் கேட்கச் செய்தார். பிடித்தால் பச்சைப் பொத்தான், பிடிக்காவிட்டால் சிவப்பு. ஏன் பிடிக்கவில்லை என்று பொத்தான் சொல்லாதே, அதைப் பேசவைத்துத் தெரிந்துகொள்ளும் முறையை உருவாக்கியவர் இன்னொரு சமூகவியலாளரான ராபர்ட் மெர்ட்டன். எல்லோரும் கேட்டது ஒரே நிகழ்ச்சி, பேச்சும் அதன்மேல்தான் குவிந்தது. ஆக, குவிவது பேசுகிற விஷயத்தில். அதனால்தான் குவியக் குழு, அல்லது முழுதாகக் குவியக் குழுக் கலந்துரையாடல், சரியான சொல் என்கிறேன்.

நேரம் மிச்சமாகும் என்று எட்டுப் பேரை ஒன்றாக உட்காரவைத்து, ஒவ்வொருவரிடமும் வரிசையாகக் கேள்வி கேட்டுவிட்டு அதையும் குவியக் குழு என்று எழுதிவிடுகிறார்கள். அது கும்பலாக எடுத்த நேர்காணல், அவ்வளவுதான். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பது, ‘எங்க தெருவுல அப்படி இல்லை’ என்று மூன்றாமவர் குறுக்கே வருவது, இதெல்லாம்தான் இங்கே தரவு. மகளிர் குழுவில் கடன் பற்றிக் கேட்டுப் பாருங்கள்: தவணையை ஒழுங்காகக் கட்டுவதுதான் மரியாதை என்பதில் எல்லோரும் ஒரே குரலாக நிற்பார்கள். கந்துவட்டி வாங்கித் தவணை கட்டியதை அங்கே யார் சொல்வார்? அதற்குத் தனியே உட்கார்ந்து பேசுகிற ஆழ்நேர்காணல் வேண்டும். தவணை நாளன்று உண்மையில் என்ன நடக்கிறது என்று பார்க்க, அவர்களோடு கூடவே இருந்து கவனிக்கிற பங்கேற்பு உற்றுநோக்கல்.

அப்புறம், நடத்துகிறவர் நெறியாளர். அவர் பக்கத்தில் குறிப்பெடுக்க ஒருவர் கட்டாயம் வேண்டும். யார் எங்கே உட்கார்ந்தார், எந்த வாக்கியத்தை யார் தொடங்கினார் என்று அவர் எழுதிவைக்காவிட்டால், பிறகு ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்கும்போது எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்கவே முடியாது.