பழைய காரின் ஹீட்டர் மோட்டாரை மாற்றும் முன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பாருங்கள்

இங்கிலாந்தில் அக்டோபர் பிறந்து காலைப் பனி இறங்கத் தொடங்கியதும், கோடை முழுவதும் கூரையைத் திறந்து ஓட்டிய எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை அவற்றின் உரிமையாளர்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலானோர் சொல்வது ஒன்றுதான்: ஹீட்டரில் காற்று வரவில்லை, மோட்டார் போய்விட்டது, புதிதாக ஒன்றை மாட்டிக் கொடுங்கள். பழைய கார்களின் மின்சார வேலையையே தொழிலாகக் கொண்ட நான் இத்தகைய கார்களில் மோட்டாரைத் தொடுவதற்கு முன் ஃபியூஸ் பெட்டியைத்தான் திறப்பேன். அதற்கான காரணம் இந்தக் கார்களை வைத்திருப்பவர்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல் இருப்பது ஆபத்து என்பதால் இதை எழுதுகிறேன்.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஆபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்ட கார். தொடக்க ஆண்டுகளில் ஹீட்டரைத் தனியாகப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. அதனாலோ என்னவோ, அது ஒரு சொகுசு வசதி, பழுதானால் கோட்டு போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் இருக்கிறது. அந்த மோட்டாரின் முதன்மையான வேலை கால்களைச் சூடாக்குவதன்று, முன்கண்ணாடியைத் தெளிவாக வைத்திருப்பதே. துணிக்கூரை போட்ட சிறிய காருக்குள் இரண்டு பேர் ஈர உடையுடன் உட்கார்ந்தால், அவர்களின் மூச்சிலுள்ள ஈரமே சில நிமிடங்களில் கண்ணாடியை மூடிவிடும். பிரிட்டனின் சாலை விதித் தொகுப்பின் 229ஆம் விதி, பனியிலும் குளிரிலும் புறப்படுமுன் கண்ணாடிகளில் படிந்த ஆவி முழுமையாக நீக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. காற்றை ஊதும் மோட்டார் இல்லாமல் அந்த விதியைக் கடைப்பிடிக்க முடியாது.

இதைவிடக் கவலைக்குரியது மின்சுற்றின் அமைப்பு. தொடக்ககால எம்ஜிபியின் ஃபியூஸ் பெட்டியில் வேலை செய்யும் ஃபியூஸ்கள் இரண்டே இரண்டு. சாவியைத் திருப்பியதும் வெள்ளை வயரில் வரும் மின்சாரம் அவற்றுள் ஒன்றைக் கடந்து பச்சை வயர்களாகப் பிரிகிறது. ஹீட்டர் மோட்டார், வைப்பர், இண்டிகேட்டர், பெட்ரோல் காட்டி, பிரேக் விளக்கு ஆகிய அனைத்தும் அந்த ஒரே ஃபியூஸை நம்பியிருக்கின்றன. ஆகவே மோட்டார் இறுகி அந்த ஃபியூஸ் எரிந்தால், ஹீட்டர் மட்டுமல்லாமல் பின்னால் வருபவருக்கு எச்சரிக்கை தரும் பிரேக் விளக்கும் சேர்ந்தே அணைந்துவிடும். ஓட்டுநர் தன் காரின் பிரேக் விளக்கைப் பார்ப்பதில்லை. நேரான நெடுஞ்சாலையில் இண்டிகேட்டரின் தேவையும் அடிக்கடி எழுவதில்லை. ஹீட்டர் நிற்பதைத் தவிர, மழை இல்லாதபோது பெட்ரோல் காட்டியின் முள் திடீரெனக் கீழே விழுவது ஒன்றே அவர் கண்ணில் படக்கூடிய அறிகுறி. அதையும் பழைய காரின் இயல்பு என்று கடந்து போய்விடுகிறார்கள். பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு 2018 மே 20 முதல் பிரிட்டனில் எம்.ஓ.டி. எனப்படும் கட்டாய ஆண்டுத் தகுதி ஆய்வும் கிடையாது. ஆண்டுக்கொரு முறையாவது வேறொருவர் பின்னால் நின்று விளக்கைப் பார்ப்பது இப்போது உரிமையாளரின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிட்டது. விலக்கு இருந்தாலும் ஆய்வுக்குக் கொண்டு செல்லுங்கள் என்றே என்னிடம் வருபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மோட்டார் ஏன் ஃபியூஸை எரிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நேர்மின்னோட்ட மோட்டார் சுழலும்போது, அந்தச் சுழற்சியே உள்ளே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உருவாக்கி, பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. தண்டைத் தாங்கும் வெண்கலப் புஷ்களில் ஊறியிருந்த எண்ணெய் பல ஆண்டுகளில் காய்ந்துவிடும். குளிர்ந்த காலையில் கிறீச்சென்ற ஒலி எழுவது அதனால்தான். காய்ந்த புஷ்ஷில் தண்டு மெதுவாகச் சுழலும்போது எதிர் மின்னழுத்தம் குறைந்து மின்னோட்டம் ஏறுகிறது. முற்றிலும் நின்றுவிட்டால், தடையாக இருப்பது சுருளின் கம்பி மட்டுமே என்பதால், வழக்கமானதைப்போல் பல மடங்கு மின்னோட்டம் பாயும். அந்த நிலையில் ஃபியூஸ் எரிவதே நல்லது. எரியாமல் இருந்தால் ஸ்விட்சும் வயரும் சூடாகும்.

அது எரியாமல் போவதற்கு நாமே வழி செய்துவிடுகிறோம். கார்களுக்கான மின்பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்தின் பழைய கண்ணாடி ஃபியூஸுக்குள் இருக்கும் காகிதத் துண்டில் 35 என்று அச்சிட்டிருக்கும். 35 ஆம்பியரில் அது எரிந்துவிடும் என்பதே அதன் பொருள். தொடர்ந்து தாங்கக்கூடியது 17 ஆம்பியர் மட்டுமே. இன்று பொதுவாகக் கடைகளில் கிடைக்கும் ஃபியூஸ்களில் எழுதியிருப்பதோ தொடர்ந்து தாங்கும் அளவு. பழைய எண்ணைப் பார்த்துப் புதிய 35 ஆம்பியர் ஃபியூஸை வாங்கிப் போடுபவர், தாம் அறியாமலேயே காவலை இரு மடங்கு தளர்த்திவிடுகிறார். அப்படி ஃபியூஸ் மாற்றப்பட்ட ஒரு காரை அண்மையில் பட்டறையில் பிரித்தேன். ஃபியூஸின் கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆனால் அதைப் பிடித்திருந்த பித்தளைக் கவ்வி கருநீலமாக வெந்து, விரலால் அழுத்தினால் மீண்டும் நிமிராத அளவுக்கு நெகிழ்ந்திருந்தது. அதற்குப் பின்னால் இருந்த பச்சை வயரின் உறை காய்ந்த குச்சிபோல் இறுகி, வளைத்ததும் வெடித்தது.

எனவே புதிய மோட்டாருக்குப் பணம் கொடுக்குமுன் சோதனை செய்யுங்கள். சாவியையும் ஹீட்டர் ஸ்விட்சையும் போட்டுவிட்டு, மோட்டாரின் இணைப்பு முனையில் மின்னழுத்தத்தை அளக்கும் மல்டிமீட்டரை வையுங்கள். பேட்டரியில் உள்ள மின்னழுத்தத்தைவிட அங்கு ஒரு வோல்ட்டோ அதற்கு மேலோ குறைந்தால், குற்றம் மோட்டாருடையது என்று முடிவு கட்டக் கூடாது. ஃபியூஸ் கவ்வி, ஸ்விட்ச், வயர்களைச் சேர்க்கும் கருத்துப்போன புல்லட் இணைப்பு ஆகியவற்றில் ஒன்றில் மின்சாரம் வீணாகிறது. எர்த் வயரையும் இதே கவனத்துடன் பாருங்கள். வண்ணம் பூசிய தகட்டின் மேல் திருகப்பட்ட எர்த் முனை பல மோட்டார்களைச் சாகாமலேயே சாகடித்திருக்கிறது. இவை சரியாக இருந்தால், உரிய ஃபியூஸுடன் பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுத்து, மோட்டார் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது என்று அளக்க வேண்டும். நல்ல மோட்டாருக்குச் சில ஆம்பியரே போதும். அது சீராகச் சுழன்றும் கண்ணாடிக்குக் காற்று வராவிட்டால், முன்கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்று நுழையும் சல்லடையின் வழியாக இலைச் சருகு இறங்கியிருக்கும், அல்லது நிறுத்தி வைத்திருந்த மாதங்களில் எலி கூடு கட்டியிருக்கும். அந்தக் குப்பை விசிறியைத் தடுப்பதோடு, சூடேறிய வயருக்கு அருகில் கிடக்கும் பஞ்சாகவும் இருக்கிறது. காற்று வருகிறது, சூடு மட்டும் இல்லை என்றால் பார்க்க வேண்டியது என்ஜினிலிருந்து சுடுநீரைத் திறந்துவிடும் வால்வையே தவிர மோட்டாரை அன்று.

கழற்றும் வேலையில் அவசரம் கூடாது. முதலில் பேட்டரியின் எர்த் முனையைக் கழற்றுங்கள். 1970களின் நடுப்பகுதி வரை வந்த எம்ஜிபிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹீட்டர் பெட்டி பானட்டுக்குள், என்ஜினுக்குப் பின்னால் இருப்பது ஒரு வசதி. மோட்டாரைப் பிடித்திருப்பவை மூன்று திருகுகள்; கண்ணுக்குத் தெரியாததைக் கைவிரலால் தடவித்தான் கழற்ற வேண்டும், துருவைக் கரைக்கும் எண்ணெயை முந்தைய நாளே விட்டு வைத்தால் எளிதாகும். மோட்டார் விசிறியோடு வெளியே வந்ததும், அதன் தகட்டிலிருந்து விசிறி எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். புதிய மோட்டாரில் இந்த இடைவெளி சற்று மாறினாலும் விசிறி பெட்டியில் உரசும். உரசும் விசிறி காய்ந்த புஷ் செய்யும் அதே கேட்டைச் செய்யும். விசிறி தண்டில் பிடித்துக்கொண்டிருந்தால் சுத்தியலால் தட்ட வேண்டாம், புஷ்ஷும் உள்ளே உள்ள காந்தமும் உடையக்கூடும்.

பழைய மோட்டாரை உடனே எறிந்துவிடாதீர்கள். கார்பன் பிரஷ் தேயாமல் இருந்தால், அது உரசும் செம்புத் துண்டுகளுக்கு இடையே படிந்த கரித்தூளை நீக்கி, புஷ்களில் சில துளி மெல்லிய எந்திர எண்ணெய் விட்டால், அது பல ஆண்டுகள் உழைக்கும். துரு நீக்கும் தெளிப்பானை எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்துவது தவறு. அது மிஞ்சியிருக்கும் எண்ணெயையும் கழுவிவிட்டு ஆவியாகிவிடும்.

மின்முனையின் திசையைப் பற்றி மேலும் ஓர் எச்சரிக்கை. 1967 வரை வந்த எம்ஜிபிகளில் நேர்முனையே காரின் உடலோடு எர்த் செய்யப்பட்டிருந்தது. அவற்றுள் பல பின்னாளில் எதிர்முனை எர்த்துக்கு மாற்றப்பட்டுள்ளன. நிலைக்காந்தம் கொண்ட மோட்டாரில் வயர்கள் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுழலும். மையவிலக்கு விசிறி அப்போதும் காற்றை வெளியேதான் தள்ளும், ஆனால் பாதி மனதுடன் தள்ளும். அதனால் பலர் தவறைக் கண்டுபிடிக்காமல் புது மோட்டாரைக் குறை சொல்கிறார்கள். வயர்களை மாற்றிக் கொடுக்குமுன், மோட்டாரின் கூட்டுக்கும் இரண்டு வயர்களுக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மல்டிமீட்டரால் உறுதி செய்ய வேண்டும். ஏதேனும் ஒன்று கூட்டோடு இணைந்திருந்தால், வயர்களை மாற்றியதும் நேரடி ஷார்ட் ஆகிவிடும்.

நவீன காரிலிருந்து எடுத்த வலிமையான மோட்டாரைப் பொருத்தும் ஆசையும் பரவியிருக்கிறது. காற்று நன்றாக வரும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அதன் கூடுதல் மின்னோட்டத்தை அரை நூற்றாண்டு பழைய ஸ்விட்ச் சுமக்கக் கூடாது. ஸ்விட்சுக்குப் பதிலாக அந்த மின்னோட்டத்தைச் சுமக்கும் ரிலேயும் பேட்டரியிலிருந்து தனி வயரும் இல்லாமல் அதைச் செய்து தர நான் ஒப்புக்கொள்வதில்லை. வால்வோ 240 போன்ற கார்களில் மோட்டார் டேஷ்போர்டின் நடுவே புதைந்திருப்பதால், அதை எடுக்கும் கூலி மோட்டாரின் விலையை எளிதில் தாண்டிவிடும். அங்கே புஷ்ஷுக்கு எண்ணெய் விட்டு ஒப்பேற்றாமல் புதிய மோட்டாரையே போடச் சொல்வேன்.

எம்ஜிபியில் மோட்டார் பழையதாக இருந்தாலும் புதியதாக இருந்தாலும், அதற்குச் செல்லும் பச்சை வயரில் தனியாக ஒரு சிறு ஃபியூஸைச் சேர்த்துவிடுங்கள். மோட்டார் ஓடும்போது இழுப்பதை அளந்து, அதைவிடச் சற்றே கூடிய அளவில் அது இருக்கட்டும். இனி மோட்டார் இறுகினாலும் பிரேக் விளக்கு எரியும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர், வைப்பர், இண்டிகேட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக்கை அழுத்துங்கள். பத்து நிமிடம் கழித்து ஃபியூஸ் கவ்வியின் அருகில் விரலை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். விரலைச் சுட்டால், கவ்வியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வரை காரைச் சாலைக்கு எடுக்காதீர்கள்.