அவங்க ஃபைல்ல வீட்டுக்காரர் நம்பர், அவர் ஃபைல்ல வீட்டுக்காரம்மா நம்பர்

திருப்பூர்ல 14 வருஷமா மனநல டாக்டரா இருக்கேன். போன மாசம் கிளினிக்ல பழைய ஃபைல் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறப்ப ஒரு விஷயம் கண்ணுல பட்டுச்சு. வேலைக்குப் போற பொம்பளைங்க ஃபைல்ல ஃபோன் நம்பர்னு எழுதியிருக்கறது பெரும்பாலும் வீட்டுக்காரர் நம்பர், ஆம்பளைங்க ஃபைல்ல வீட்டுக்காரம்மா நம்பர். பொம்பளைங்க அப்படித் தர்றதுக்குக் காரணம் இருக்கு, வேலை நேரத்துல ஃபோன் எடுக்க முடியாது, என்னைக்கு லீவு போடறதுங்கறதையும் அவரைக் கேட்டுத்தான் சொல்லணும். ஆம்பளைங்க விஷயம் வேற, அப்பாயின்ட்மென்ட் போட்டதே மனைவிதான், "இவ தொல்லை தாங்காம வந்தேனுங்க மேடம்"னு சொல்லிக்கிட்டேதான் உள்ளயே வருவாங்க.

ஒரு தம்பதியைப் பத்தி சொல்றேன். அடையாளம் எல்லாம் மாத்திட்டேன், ரெண்டு மூணு குடும்பத்தோட விஷயம் இதுல கலந்தும் இருக்கு.

அந்தம்மாவுக்கு 38 வயசு, பனியன் கம்பெனில செக்கிங் வேலை. ரெண்டு வருஷமா கழுத்து வலி, தலைபாரம், கை மரத்துப்போகுதுன்னு மூணு டாக்டர் பாத்து, ஸ்கேன் எடுத்து, எல்லாம் நார்மல்னு சொல்லி, கடைசியா என்கிட்ட அனுப்பியிருந்தாங்க. தூக்கம் எப்படிம்மான்னு கேட்டேன். "11 மணிக்குப் படுத்தா 3 மணிக்கு முழிப்பு வந்துருதுங்க, அப்புறம் நாளைக்கு டிபனுக்கு என்ன பண்றதுன்னு யோசிச்சிட்டே கெடப்பேன், நாலரைக்கு எந்திரிச்சாத்தான் பஸ்ஸுக்குப் போக முடியும்"னாங்க. ஒன்றரை ஷிப்ட், காலைல எட்டரைக்கு உள்ள போனா ராத்திரி எட்டரைக்குத்தான் வெளிய. அந்த ரெண்டு வருஷத்துல எதுவுமே பண்ணாம சும்மா உக்காந்திருந்த நேரம் எதுன்னு கேட்டப்ப ரொம்ப நேரம் யோசிச்சு, "ஸ்கேன் எடுக்கறப்ப படுத்திருந்தேனுங்க"ன்னு சொன்னாங்க. அதை நான் இன்னும் மறக்கல.

இது ஒரு வீட்டுக் கதை இல்லைங்க. 2019ல மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, வீட்டு வேலை செய்யற பொம்பளைங்க அதுக்கு ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் செலவு பண்றாங்கன்னு வந்துச்சு, ஆம்பளைங்க 97 நிமிஷம். அந்த 97ம் வீட்டு வேலைல கை வெக்கிற ஆம்பளைங்களோட கணக்குதான், அவங்க நூத்துக்கு 26 பேர்தான். கம்பெனில 12 மணி நேரம் நின்ன காலோட வந்து இதையும் பாத்தா உடம்பு வலிக்காம என்ன செய்யும்? ஆனா அதை மனசுக் கஷ்டம்னு சொல்ல அவங்களுக்கே கூச்சம், "எனக்கென்ன குறை, எல்லாரும்தான் செய்யறாங்க"ன்னு நினைக்கறாங்க, அதான் கழுத்து வலியா சொல்றாங்க.

இன்னொண்ணு, பொம்பளைங்கன்னா உடனே "ஹார்மோன்"னு சொல்லி முடிச்சிடறது. பிரசவத்துக்கு அப்புறமும் மாதவிடாய் நிக்கற வயசுலயும் மனச்சோர்வு வர வாய்ப்பு அதிகம்ங்கறது உண்மைதான். தைராய்டு குறைஞ்சாலும் ரத்தசோகை இருந்தாலும் அதே சோர்வு வரும், 2019-21 தேசிய குடும்ப நல சர்வே படி நம்ம நாட்டுல 15ல இருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால முதல் விசிட்லயே ரெண்டு டெஸ்ட்டும் எடுக்கச் சொல்லிடுவேன். ஆனா டெஸ்ட் சரியா வந்துட்டா "அப்ப ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பிடறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஆத்திரம் வரும். லைன்ல சூப்பர்வைசர் தினமும் அசிங்கமா பேசறது எந்த ரத்த டெஸ்ட்ல தெரியும்? 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல பாலியல் தொல்லை புகாருக்குன்னு உள்புகார் கமிட்டி இருக்கணும்னு 2013லயே சட்டம் வந்தாச்சு, என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் அதைக் கேள்விப்பட்டதே இல்ல.

இப்ப அந்த வீட்டுக்காரருக்கு வர்றேன். மூணு விசிட்டுக்கும் கூடவே வந்தாரு, அந்தம்மாகிட்ட கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொன்னாரு. சட்டைப் பாக்கெட்ல அசிடிட்டி மாத்திரை பட்டை எட்டிப் பாத்துட்டு இருந்துச்சு, பாதிக்கு மேல காலி. உக்காந்திருந்த அரை மணி நேரமும் வலது கால் ஆடிட்டே இருந்துச்சு. மூணாவது தடவைதான் எனக்கே உறைச்சு, "நீங்க எப்படிங்க இருக்கீங்க?"ன்னு கேட்டேன். "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன்"னாரு. அந்தம்மா தலையைக் குனிஞ்சுகிட்டே, "முந்தாநாள் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி வீசினாருங்க, பையன் அதுக்கப்புறம் அவர்கிட்டயே போறதில்ல"ன்னாங்க.

அவரு 12 மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தெச்சுக் கொடுக்கறவரு. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டப்ப ஆர்டர் நின்னுபோச்சு, ஆனா சனிக்கிழமையானா ஆளுங்களுக்கு சம்பளம் கொடுத்துத்தானே ஆகணும், வட்டிக்கு வாங்கி வாங்கிக் கொடுத்திருக்காரு. வெள்ளிக்கிழமை ராத்திரின்னா தூக்கமே கிடையாது. வாரத்துக்கு ஒரு நாள் குடிச்சது தினமும் குவாட்டர்னு ஆயிருச்சு. இது எதுவும் அந்தம்மாவுக்கு முழுசாத் தெரியாது, ரெண்டு லட்சம் கடன்னு நினைச்சிட்டு இருந்தாங்க, அது ஒம்பது.

இங்க என் தப்பு ஒண்ணை ஒத்துக்கணும். மனச்சோர்வு இருக்கான்னு பாக்க நாங்க பி.ஹெச்.க்யூ-9னு ஒரு படிவம் குடுப்போம், ஒம்பது கேள்வி, கடைசி ரெண்டு வாரத்துல சந்தோஷம் இல்லாம இருந்தீங்களா, தூக்கம், பசி, குற்ற உணர்ச்சி, இப்படிப் போகும். நல்ல படிவம்தான், தினமும் உபயோகிக்கறேன். ஆனா அதுல எரிஞ்சு விழறதைப் பத்தி ஒரு கேள்வியும் கிடையாது, குடியைப் பத்தியும் கிடையாது. பல வருஷம் ஆம்பளைங்ககிட்ட அதை மட்டும் குடுத்து, மார்க் கம்மியா வந்துச்சுன்னு வீட்டுக்கு அனுப்பியிருக்கேன். அவங்களுக்கு இருந்ததெல்லாம் கோபமும் பாட்டிலுமா இருந்துச்சு, நான் அழுகையைத் தேடிட்டு இருந்தேன்.

பெங்களூர்ல இருக்கற மத்திய அரசு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16ல தமிழ்நாடு உட்பட 12 மாநிலத்துல எடுத்த தேசிய மனநல சர்வேல இதே படம்தான் தெரியுது, மனச்சோர்வும் பதற்றமும் பொம்பளைங்களுக்கு அதிகம், குடிப்பழக்கப் பிரச்சினை ஆம்பளைங்களுக்கு ரொம்ப ரொம்ப அதிகம். ஆனா தற்கொலைக் கணக்கை எடுத்தா அப்படியே திரும்புது. 2022ல நாட்டுல 1,70,924 பேர் போயிட்டாங்க, அதுல நூத்துக்கு 71 பேருக்கு மேல ஆம்பளைங்க, நாலுல ஒருத்தர் தினக்கூலி. எண்ணிக்கைல மகாராஷ்டிராவுக்கு அடுத்து நம்ம தமிழ்நாடு. டாக்டர்கிட்ட மனச்சோர்வுன்னு வர்றவங்க ஒரு பக்கம், வராமலேயே போயிடறவங்க இன்னொரு பக்கம்.

கம்பெனிங்க என்னை விழிப்புணர்வு கேம்ப்புக்குக் கூப்பிடறப்ப லேடீஸை மட்டும் ஹால்ல உக்கார வெச்சிருப்பாங்க, ஆம்பளைங்களுக்குன்னா குடிப்பழக்கம் பத்திப் பேசுங்க மேடம்பாங்க. பொம்பளை லீவு போட்டா "வீட்டுப் பிரச்சினை", ஆம்பளை லீவு போட்டா "சரக்கு" அப்படின்னு ஹெச்.ஆர்ல முடிவு பண்ணிடறாங்க. இப்பல்லாம் ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாத்தான் வருவேன்னு சொல்லிடறேன், ஓனரும் உக்காரணும்.

வீட்டுல எப்படிக் கேக்கறதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க. ஆம்பளைங்ககிட்ட "டிப்ரஷனா இருக்கா?"ன்னு கேட்டா இல்லைன்னுதான் வரும். தூக்கம் வருதா, முன்னவிட குடி கூடியிருக்கா, கடன் மொத்தம் எவ்வளவு, இதைக் கேளுங்க. செத்துடலாம்னு தோணுதான்னும் நேராவே கேக்கலாம், கேக்கறதால அந்த எண்ணம் வந்துடாது, நான் கேட்டப்ப அவரு பத்து நிமிஷம் அழுதாரு, அப்புறம் "ரெண்டு தடவை தோணுச்சுங்க"ன்னாரு. அன்னைக்கே அவருக்கும் ஒரு ஃபைல் போட்டோம். அந்தம்மாகிட்ட கடன் கணக்கை முழுசா அங்கேயே சொல்ல வெச்சேன், அவங்க திட்டுவாங்கன்னு பயந்தாரு, அவங்க பேப்பர் பேனா வாங்கி எந்தக் கடனுக்கு வட்டி அதிகம்னு எழுத ஆரம்பிச்சிட்டாங்க. பையனோட டிபன் பாக்ஸும் காலைப் பாத்திரமும் இப்ப அவரு பொறுப்பு, அதையும் மருந்துச் சீட்டுலயே எழுதிக் குடுத்தேன்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய ரெண்டு மூணு வாரம் ஆகும், நாலு நாள்ல நிறுத்திடாதீங்க. வருஷக்கணக்கா தினமும் குடிக்கறவங்க வைராக்கியத்துல ஒரே நாள்ல நிறுத்தினா நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம், டாக்டர்கிட்ட சொல்லிட்டு நிறுத்துங்க. மாவட்ட அரசு ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, காசு கிடையாது. 2022 அக்டோபர்ல இருந்து மனநல உதவிக்கு டெலிமானஸ்னு அரசாங்கத்தோட ஒரு ஃபோன் நம்பர் இருக்கு, 14416, தமிழ்லயே பேசலாம், 24 மணி நேரமும் இருப்பாங்க, வெள்ளிக்கிழமை ராத்திரி 2 மணிக்கும் எடுப்பாங்க.