பச்சை மூடி, ஊதா மூடி: மரபணு ஆய்வகத் தொழில்நுட்பரின் வேலை

மனித செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன என்பது இன்று பள்ளிப் பாடம். ஆனால் 1950-களின் நடுப்பகுதி வரை பாடப்புத்தகங்கள் 48 என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தன. தியோஃபிலஸ் பெயின்டர் 1923-இல் எண்ணிச் சொன்ன கணக்கு அது. அவரைக் குறை சொல்லவும் முடியாது. அந்தக் காலத்து ஸ்லைடுகளில் குரோமோசோம்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். எது எங்கே முடிகிறது என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

அந்தக் குவியலைப் பிரித்துப் போட்டது ஒரு தப்பான கரைசல். அமெரிக்காவின் டெக்ஸாஸில் வேலை பார்த்துவந்த டி.சி. சூ என்ற ஆய்வாளர் ஒருநாள் நுண்ணோக்கியில் பார்த்தால், குரோமோசோம்கள் தனித்தனியாக, அழகாக விரிந்து கிடக்கின்றன. மறுபடி செய்தால் வரவில்லை. கரைசலின் உப்புச் செறிவை மாற்றி மாற்றிப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது: உப்பு குறைந்த கரைசலில் செல்கள் தண்ணீரை உறிஞ்சி உப்புகின்றன, உள்ளே இருக்கும் குரோமோசோம்கள் விலகி நிற்கின்றன. 1952-இல் அதை வெளியிட்டார். கரைசல் தயாரித்த யாரோ ஒரு ஆய்வகப் பணியாளர் அளவைத் தவறாகப் பார்த்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். அந்தப் பணியாளர் யார் என்பது கடைசிவரை தெரியவே இல்லை. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு தெளிவான ஸ்லைடு கையில் இருந்தும் சூவும் 48 என்றுதான் எண்ணினார். 46 என்று சரியாக எண்ணியது ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவனும். அது வெளியானது 1956-இல்.

மரபணு ஆய்வகத்தில் டெக்னாலஜிஸ்ட் வேலை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது. மருத்துவர் கையில் போய்ச் சேருவது ஒரு பக்க அறிக்கை. அதில் இருக்கும் ஒவ்வொரு வரியும், செல்லை வளர்த்தவர், கரைசல் கலந்தவர், ஸ்லைடு போட்டவர் ஆகியோரின் கைப்பக்குவத்தை நம்பித்தான் நிற்கிறது.

வேலை மாதிரிக் குழாயின் மூடி நிறத்திலேயே தொடங்கிவிடுகிறது. குரோமோசோம் பார்க்க வேண்டுமென்றால் பச்சை மூடி, அதாவது ஹெப்பாரின் போட்ட குழாய். செல்கள் உயிரோடு வந்து சேர வேண்டும், வளர வேண்டும். ஹெப்பாரின் அதற்கு இடைஞ்சல் செய்யாது. டி.என்.ஏ. பிரிக்க வேண்டுமென்றால் ஊதா மூடி, ஈ.டி.டி.ஏ. குழாய். இரண்டும் ரத்தம் உறையாமல் காப்பவைதான். ஆனால் டி.என்.ஏ.வைப் பல மடங்கு பெருக்கும் பி.சி.ஆர். வினையை ஹெப்பாரின் கெடுத்துவிடும். ஆகவே பச்சைக் குழாய் டி.என்.ஏ. பிரிவுக்கு வந்தால் அங்கே முகம் சுளிப்பார்கள்.

சரி, பச்சைக் குழாய் வந்துவிட்டது. முதிர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, எனவே குரோமோசோமும் கிடையாது. வேண்டியது வெள்ளையணு, அதிலும் டி லிம்போசைட். ஆனால் அவை ரத்தத்தில் பிரியாமல் சும்மா மிதந்துகொண்டிருப்பவை. குரோமோசோம்கள் தடித்த கோல்களாகக் கண்ணுக்குத் தெரிவது செல் பிரியும்போது மட்டும்தான். அதனால் அவற்றைப் பிரியச் சொல்லித் தூண்ட வேண்டும். தூண்டுவது ராஜ்மா பயற்றிலிருந்து எடுக்கும் ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்ற புரதம். இது சிவப்பணுக்களை ஒட்டவைத்து அகற்றத்தான் முதலில் பயன்பட்டது. லிம்போசைட்டுகளைப் பிரியவும் வைக்கிறது என்று பீட்டர் நோவெல் 1960-இல் கண்டுபிடித்தார். ஊட்டக் கரைசலோடு இதையும் சேர்த்து 37 டிகிரி செல்சியஸில் வைத்தால் சுமார் 72 மணி நேரத்தில் போதுமான செல்கள் பிரிந்துகொண்டிருக்கும்.

அப்புறம் அவற்றை நடுவழியில் நிறுத்த வேண்டும். கோல்செமிட் என்ற மருந்து அதைச் செய்கிறது. செங்காந்தள் கிழங்கில் இருக்கும் கோல்ச்சிசினின் நெருங்கிய உறவு இது. பிரியும் செல்லில் குரோமோசோம்களை இரு பக்கமும் இழுக்கும் இழைகளை இது கட்டவிடாது. குரோமோசோம்கள் இழுபடுவதற்கு முந்தைய மெட்டாஃபேஸ் கட்டத்திலேயே செல் நின்றுபோகும். இங்கேதான் முதல் தீர்மானம். மருந்தை அதிக நேரம் விட்டால் நிறைய செல்கள் சிக்கும், ஆனால் குரோமோசோம்கள் சுருங்கிக் கட்டைகுட்டையாகிவிடும், நுணுக்கம் தெரியாது. சீக்கிரம் எடுத்தால் நீளமான அழகான குரோமோசோம்கள் கிடைக்கும், ஆனால் சொற்பமாக.

அடுத்து அந்த உப்புக் குறைந்த கரைசல். இன்று பொதுவாக 0.075 மோலார் பொட்டாசியம் குளோரைடு. செல் உப்ப வேண்டும், வெடிக்கக் கூடாது. வெடித்தால் குரோமோசோம்கள் சிதறும்; ஒன்றிரண்டு காணாமல் போகும், பக்கத்துச் செல்லுடையது வந்து கலக்கும். பிறகு மூன்று பங்கு மெத்தனாலும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கலவையில் செல்களை அதே நிலையில் கெடாமல் நிலைநிறுத்தி, ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் விட வேண்டும்.

அந்தச் சொட்டு காயும் வேகம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கலவை மெதுவாகக் காய்ந்தால் குரோமோசோம்கள் நன்றாகப் பரவும்; ரொம்ப மெதுவானால் அளவு மீறிச் சிதறும். வேகமாகக் காய்ந்தால் செல் விரியாமல் உருண்டையாகவே நின்றுவிடும். அறையின் ஈரப்பதமும் வெப்பமும் மாறினால் நேற்று வந்த ஸ்லைடு இன்று வராது. இதற்காகவே சில ஆய்வகங்களில் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தும் தனிப் பெட்டிகள் இருக்கின்றன. அவை இல்லாத இடத்தில் ஸ்லைடின் மேல் மூச்சை ஊதுவதும், ஈரத் துணியில் வைப்பதும், சாய்த்துப் பிடிப்பதும் நடக்கும். எழுதிவைத்த செய்முறையில் இதில் பாதிகூட இருக்காது.

வரிகள் வருவது அதன் பிறகு. காய்ந்த ஸ்லைடைச் சூட்டில் பதப்படுத்தி, டிரிப்சின் என்ற நொதியில் சில வினாடிகள் முக்கி, ஜீம்சா சாயம் ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமிலும் கருப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றுக்கும் அதற்கே உரிய வரிசை. டிரிப்சினில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் குரோமோசோம் பஞ்சாகிவிடும். குறைந்தால் பட்டையே இல்லாமல் முழுக்கக் கருப்பாக நிற்கும். அதனால் ஒரு ஸ்லைடைச் சோதனைக்குப் பலி கொடுத்து, அதைப் பார்த்து நேரத்தைத் திருத்திக்கொள்வதுதான் வழக்கம்.

இனி எண்ணுவதும் படிப்பதும். வழக்கமான பரிசோதனையில் 20 செல்கள் வரை பார்ப்பார்கள். எண்ணிக்கை மட்டும் போதாது. 46 சரியாக இருந்தும், 9-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் 22-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறியிருக்கலாம். நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயின் அடையாளம் அதுதான். நோவெல்லும் டேவிட் ஹங்கர்ஃபோர்டும் 1960-இல் பார்த்தது ஒரு குட்டையான குரோமோசோமை மட்டுமே. அது இடமாற்றம் என்று ஜேனட் ரௌலி 1973-இல் காட்டினார். காட்டிய விதம்? குரோமோசோம் படங்களைக் கத்தரித்து, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஜோடி சேர்த்துப் பார்த்துத்தான். அந்த இடமாற்றத்தால் உருவாகும் புரதத்தைக் குறிவைத்த இமாடினிப் மருந்துக்கு 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

போகிற போக்கில் ஒன்று. குரோமோசோம்களுக்குப் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாக எண் கொடுத்தார்கள் என்பார்கள். ஆனால் 21-தான் 22-ஐ விடச் சிறியது. இது தெரியவந்தபோது, 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் நோய்க்குறியோடு 21 என்ற எண் ஒட்டிக்கொண்டுவிட்டது, மாற்றாமலே விட்டுவிட்டார்கள்.

புற்றுநோய் மாதிரிகளில் ஒரு பொறி உண்டு. எலும்பு மஜ்ஜையிலிருந்து வரும் செல்களில் சில, வரிகள் துலக்கமாகத் தெரிய அழகாக விரிந்திருக்கும். சில, கலங்கிப்போய், பூச்சி பிடித்ததுபோல் இருக்கும். கை தானாக அழகான செல்லுக்குத்தான் போகும். ஆனால் புற்றுநோய்ச் செல் பெரும்பாலும் அந்த அசிங்கமான கூட்டத்தில்தான் இருக்கும். நல்ல செல்லாகப் பார்த்து 20 எண்ணி ‘இயல்பு’ என்று எழுதிவிட்டால், நோயாளியின் ஆரோக்கியமான செல்களை மட்டும் பார்த்ததாக ஆகிவிடும். அனுபவம் உள்ளவர் வேண்டுமென்றே மோசமானதைத் தேடிப் போவார். என்னைக் கேட்டால், இந்தத் தொழிலில் கற்க மிகவும் கடினமான பழக்கம் இதுதான்.

செல் வளர்ப்பவரின் கை எப்படி மறக்கப்படும் என்பதற்கு மார்த் கோட்டியே உதாரணம். மருத்துவரான இவர் அமெரிக்காவில் செல் வளர்ப்பைக் கற்றுக்கொண்டு பாரிஸ் திரும்பி, கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத ஒரு ஆய்வகத்தில் டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளின் செல்களை வளர்த்தார். மனித சீரம் வாங்க வழியில்லாமல் தன் ரத்தத்தையே பயன்படுத்தினார். கூடுதலாக ஒரு குரோமோசோம் இருப்பது அவருடைய ஸ்லைடுகளில் தெரிந்தது. படமெடுக்க ஏற்ற நுண்ணோக்கி இல்லாததால் ஸ்லைடுகளை ஜெரோம் லெஜூனிடம் கொடுத்தார். 1959-இல் கட்டுரை வந்தபோது லெஜூனின் பெயர் முதலில். கோட்டியேவின் பெயர் அடுத்து, அதுவும் பிழையாக. பல ஆண்டுகள் கழித்து, 2009-இல்தான் அவர் தன் தரப்பை எழுதினார்.

ஊதா மூடியின் கதை வேறு. ஜீம்சா வரிகளில் ஐம்பது லட்சம் முதல் ஒரு கோடி டி.என்.ஏ. எழுத்து (A, T, G, C) வரையிலான துண்டு காணாமல் போனால்தான் கண்ணுக்குப் படும். அதற்குக் கீழே போக, டி.என்.ஏ. துண்டுகள் கூடியிருக்கின்றனவா, குறைந்திருக்கின்றனவா என்று ஒரு சில்லில் பார்க்கும் மைக்ரோஅரே வேண்டும். எழுத்து எழுத்தாகப் படிக்க டி.என்.ஏ. வரிசைப்படுத்தல் வேண்டும். இங்கே நுண்ணோக்கி இல்லை, நிறமற்ற திரவம் நிறைந்த சின்னச் சின்னக் குழாய்கள்தான். எதையும் கண்ணால் பார்த்துச் சரி, தப்பு சொல்ல முடியாது. அதனால் பயம் வேறு வகை: கலப்படம். பி.சி.ஆர். ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ.வை இரட்டிப்பாக்குகிறது. குறையில்லாமல் 30 சுற்று நடந்தால் ஒரு மூலக்கூறு நூறு கோடிக்கு மேல் பெருகும். நோயாளியுடையது பெருகுவதுபோலவே, மேசையில் தெறித்த நேற்றைய துளியும் பெருகும்.

ஆகவே பி.சி.ஆருக்கு முந்தைய வேலைக்கு ஓர் அறை, பிந்தைய வேலைக்கு வேறோர் அறை. போக்குவரத்து ஒருவழிப் பாதை. அங்கே போட்ட கோட்டு இங்கே வரக்கூடாது, திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டும் வரக்கூடாது. ஒவ்வொரு தடவையும் டி.என்.ஏ.வே இல்லாத ஒரு வெற்றுக் குழாயும் கூடவே ஓடும். அதில் ஏதாவது முளைத்தால் அன்றைய வேலை அத்தனையும் குப்பை. முடிவு எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் சரி.

கருவின் மாதிரியில் இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. பனிக்குட நீரில் தாயின் ரத்தம் கொஞ்சம் கலந்திருந்து, பெண் கரு, எல்லாம் இயல்பு என்று முடிவு வந்தால், அது குழந்தையுடையதா, தாயுடையதா? இதைத் தீர்க்கத் தாயின் டி.என்.ஏ.வையும் எடுத்து, ஆளுக்கு ஆள் மாறும் சில குறியிடங்களை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தெளிவாக வந்த முடிவையும் யாருடையது என்று கேட்டுப் பார்ப்பது இந்தப் பிரிவில் அன்றாட வேலை.

அறிக்கையில் கையெழுத்திடுவது ஆய்வக இயக்குநர். ஒரு மரபணு மாற்றம் நோய்க்குக் காரணமா, தீங்கற்றதா, இன்னும் சொல்ல முடியாததா என்ற இறுதித் தீர்ப்பும் அவருடையது. ஆனால் செல்லை முதலில் பார்ப்பதும், ‘இந்தத் தரவு நம்பும்படி இல்லை, மறுபடி ஓட்ட வேண்டும்’ என்று நிறுத்துவதும் டெக்னாலஜிஸ்ட்தான்.

இந்த வேலைக்கு வர உயிரியல், மரபியல் அல்லது மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பத்தில் பட்டம் பொதுவாக வேண்டும். அதன் மேல் ஆய்வகத்தில் மேற்பார்வையோடு பயிற்சி. உரிம விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் செல் மரபியலுக்கும் மூலக்கூறு உயிரியலுக்கும் தனித்தனிச் சான்றிதழ்த் தேர்வுகள் உண்டு. கனடாவிலும் மருத்துவ மரபியலுக்கென்று தனித் தேர்வு இருக்கிறது. மதிப்பெண்ணை விட முக்கியமான சில விஷயங்களை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. குரோமோசோமின் குறிப்பிட்ட இடங்களை ஒளிரும் சாயத்தால் காட்டும் ஃபிஷ் பரிசோதனையில் சிவப்பு, பச்சைப் புள்ளிகளை ஒரு மாதிரியில் 200 செல்கள் வரை எண்ண வேண்டியிருக்கும். நிறக்குருடு உள்ளவருக்கு அது சங்கடம். செல்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாது; வெள்ளிக்கிழமை வந்த மாதிரியின் 72 மணி நேரம் திங்கட்கிழமைக்கு நகரலாம், ஆனால் அவசர மாதிரி நகராது. நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காமல் பல ஆண்டுகள் ஓடும். ஒரே வேலையை மறுபடி மறுபடி செய்வது சலிப்பாக இருப்பவருக்கு இது சரிப்படாது.

இயந்திரங்கள் வந்து வேலையைப் பறித்துவிடுமா என்ற கேள்வி நியாயமானது. மெட்டாஃபேஸ் செல்களைத் தேடிப் படமெடுக்கும் இயந்திரங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன. குரோமோசோம்களை ஜோடி சேர்த்து அடுக்கும் மென்பொருளும் வந்துவிட்டது. கத்தரிக்கோலும் பசையும் போய்விட்டன. பிப்பெட் பிடிக்கும் ரோபோக்கள் டி.என்.ஏ. பிரிக்கின்றன. குறைந்திருப்பது அடுக்கும் வேலை. கூடியிருப்பது தரவை சந்தேகப்படும் வேலை: மாதிரி மாறிவிட்டதா, படித்த எழுத்துகளின் தரம் போதுமா, இந்த மாற்றம் உண்மையா, இயந்திரத்தின் பிழையா? அதனால் நுண்ணோக்கியில் தொடங்கியவர்கள் பலர் இன்று வரிசைப்படுத்தல் தரவை அலசும் கணினிப் பக்கம் போயிருக்கிறார்கள். சிலர் தரக் கட்டுப்பாட்டுக்குப் போகிறார்கள், சிலர் தடய அறிவியலுக்கு, சிலர் கருவி நிறுவனங்களில் பயிற்சியாளர்களாக.

சேர யோசிப்பவர்கள் முடிந்தால் ஒரு ஆய்வகத்தில் அரை நாள் அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். வரிசைப்படுத்தும் இயந்திரத்தைக் காட்டுவார்கள். அது ஒரு பெட்டி, பார்க்க ஒன்றுமில்லை. ஸ்லைடு போடும் மேசைப் பக்கம் நின்று, இன்றைக்கு ஏன் சரியாக வரவில்லை என்று அவர்கள் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். அந்தப் பேச்சு உங்களுக்குச் சுவாரசியமாக இருந்தால் விண்ணப்பம் போடலாம்.