ஹெரிட்டபிலிட்டி: பாரம்பரியத்தன்மை அன்று, மரபுப்பங்கு

‘இந்தக் கோதுமைக் கலப்பில் மகசூலின் பாரம்பரியத்தன்மை குறைவு.’ வேளாண் ஆய்வுகளைத் தமிழில் தருகிறவர்கள் இப்படி எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பாரம்பரிய நெல், பாரம்பரிய விதை என்று கேட்டுப் பழகிய வாசகர் என்ன நினைப்பார்? ஏதோ பழைய நாட்டு ரகத்தின் குணம் போய்விட்டது என்றுதான். மூலத்தில் இருக்கும் சொல் ஹெரிட்டபிலிட்டி. அதற்கும் பழமைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

லத்தீனில் ‘ஹேரெஸ்’ என்றால் வாரிசு. அங்கிருந்து வந்த சொல். இன்றைய புள்ளியியல் பொருளில் அதை நிலைநாட்டியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கால்நடை இனவிருத்தி அறிஞர் ஜே லஷ். வேரைப் பார்த்தது போதும். வேரை மட்டும் பார்த்து மொழிபெயர்த்ததால் வந்த வினைதான் இது.

ஒரு கூட்டத்துச் செடிகளுக்குள் காணப்படும் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் வந்தது என்பதே ஹெரிட்டபிலிட்டி. 0 முதல் 1 வரையிலான ஓர் எண், அவ்வளவுதான்.

‘மரபுவழித்திறன்’ என்று எழுதுகிறவர்கள் தனித்தமிழில் சொல்லிவிட்ட நிம்மதியில் இருக்கிறார்கள். மரபு, வழி, திறன் மூன்றும் நல்ல சொற்கள்தாம். சேர்ந்து நின்று பொய் சொல்கின்றன. கல்யாண் சோனா என்ற குட்டைக் கோதுமை ரகம் மட்டும் விதைத்த ஒரு வயலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குட்டைத்தன்மை ஜப்பானின் நோரின் 10 ரகத்திலிருந்து வந்த மரபணுவின் கொடை. தலைமுறை தலைமுறையாகத் தவறாமல் இறங்குகிறது. ஆனால் தூய ரகம் என்பதால் செடிக்குச் செடி மரபணு வேறுபாடு இல்லை. வாய்க்கால் ஓரத்துப் பயிர் நாலு விரல் உயர்ந்து நின்றால் அது நீரும் உரமும் செய்த வேலை. ஆக, அந்த வயலில் உயரத்தின் ஹெரிட்டபிலிட்டி பூஜ்யம்! முழுக்க மரபுவழி வரும் குணத்துக்கு ‘மரபுவழித்திறன் பூஜ்யம்’ என்று எழுதினால் யாருக்கு விளங்கும்? 1903இலேயே டென்மார்க்கின் தாவரவியல் அறிஞர் யோஹான்சன், செடிக்குச் செடி மரபணு வேறுபாடு இல்லாத தூய வழி அவரையில் பெரிய விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் விதை பெரிதாவதில்லை என்று காட்டிவிட்டார். இன்னொன்று: திறன் என்றால் அது செடியிடம் இருப்பது என்றாகிவிடுகிறது. இந்த எண் செடியினுடையது அன்று. அந்தக் கூட்டத்துக்கும் அந்தச் சூழலுக்கும் உரியது.

எனவே நான் ‘மரபுப்பங்கு’ என்கிறேன். ‘எதில் பங்கு?’ என்ற கேள்வி உடனே எழும், எழட்டும். விடை வேறுபாட்டில் என்பது. ஒரே கலப்பின் சந்ததிகளை ஒரு பகுதி பாசனத்திலும் ஒரு பகுதி மானாவாரியிலும் விதைத்தால் மகசூலின் மரபுப்பங்கு இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பொதுவாக ஆயிரம் தானிய மணிகளின் எடைக்கு அது மகசூலைவிட அதிகம். தூர்களின் எண்ணிக்கை, கதிருக்கு எத்தனை மணி, மணியின் எடை எல்லாம் சேர்ந்ததல்லவா மகசூல்? ஒவ்வொரு கட்டத்திலும் மண்ணும் வெயிலும் கை வைக்கின்றன. ஓரிடத்தில் முந்தும் சந்ததி வேறிடத்தில் பிந்துவதும் உண்டு. மெக்சிகோவில் கோதுமை இனவிருத்தி அறிஞர் நார்மன் போர்லாக் ஒரே கலப்பின் வழித்தோன்றல்களைக் குளிர்காலத்தில் கடல்மட்டத்தை ஒட்டிய யாக்கி சமவெளியிலும், கோடையில் 2,600 மீட்டர் உயரத் தொலுக்காவிலும் மாற்றி மாற்றி வளர்த்துப் பொறுக்கினார். இரண்டிலும் தேறியதே நின்றது.

இதைச் சொல்லும் இடத்தில் ‘சுற்றுச்சூழல்’ என்று எழுதிப் புகையையும் சாக்கடையையும் நினைவூட்டுகிறார்களே, அது தனிக் கொடுமை. இங்கே பேச்சு இடம், பருவம், பாசனம், விதைப்பு நாள் பற்றியது, ‘வளர்சூழல்’ போதும். ஹெரிட்டபிலிட்டியின் இரு வகைகளான ‘பிராட் சென்ஸ்’, ‘நேரோ சென்ஸ்’ என்பவற்றைப் ‘பரந்த உணர்வில்’, ‘குறுகிய உணர்வில்’ என்றும் எழுதுகிறார்கள். கோதுமைக்கு ஏது உணர்வு? முன்னது மரபணு விளைவுகள் எல்லாவற்றையும் எண்ணுவது. அதை ‘முழு மரபுப்பங்கு’ எனலாம். பின்னது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நம்பகமாக இறங்கும், ஒவ்வொரு மரபணுவும் தனித்தனியே தருவதைக் கூட்டி வரும் விளைவை மட்டும் எண்ணுவது. அதை ‘இறங்கும் மரபுப்பங்கு’ எனலாம். எதை எழுதினாலும் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கலப்பு, எந்த ஊர், எந்தப் பருவம் என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.