மேற்கு வானத்து 'மர்மப் பொருள்'

மாலை வானில் வெள்ளிக் கோள் ஏறி வரும் ஒவ்வொரு பருவத்திலும் கோளரங்கில் பணிபுரியும் எங்களுக்குத் தொலைபேசி ஓய்வதில்லை. மேற்கே அசையாமல் நிற்கும் ஒளி பறக்கும் தட்டோ, உளவு ட்ரோனோ என்று ஐயத்தோடு கேட்பவர்கள்மீது எனக்குக் குறையில்லை. காணொளி எடுத்து, 'மர்மப் பொருள்' என்று தலைப்பிட்டு ஊரெங்கும் அனுப்பிவிட்டு, கடைசியில் எங்களிடம் விளக்கம் கேட்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அந்தக் காணொளிகள் எல்லாம் ஒரே மாதிரி. கருப்புத் திரையின் நடுவே ஒரு வெள்ளை வட்டம் பெருத்தும் சுருங்கியும் ஓரம் நெளிந்தும் தெரியும். "வடிவம் மாறுகிறது, சார்" என்பார்கள். இருட்டில் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் உங்கள் கைபேசியின் ஃபோகஸ்தான் தடுமாறுகிறது. பூமிக்கு மிக அருகில் வரும்போதுகூட வெள்ளியின் தோற்ற அகலம் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் என்பதால், திரையை நிறைக்கும் அந்தத் தட்டு லென்ஸ் உண்டாக்கிய மங்கலாகவே இருக்க முடியும். தொலைவிலுள்ள தெருவிளக்கை முழு ஜூமில் ஃபோகஸ் தவற எடுத்துப் பாருங்கள், அதுவும் தட்டாகிவிடும். அடிவானத்தருகே சிவப்பும் பச்சையுமாக மினுங்குவது காற்றின் வேலை. வண்டியோடு கூடவே வந்தது என்றால், நிலாவும் அப்படித்தான் வரும். (நள்ளிரவில் உச்சியில் கண்டதாகச் சொன்னால் நாங்கள் வெள்ளியை விட்டுவிட்டு வியாழனைத் தேடுவோம்.)

பயிற்சி பெற்றவர்களும் இதில் ஏமாறுவதுண்டு. லடாக்கின் பாங்காங் ஏரிப் பகுதியில் நம் இராணுவத்தினர் சீன உளவு ட்ரோன்கள் என்று ஐயுற்று 2012-13இல் மாதக்கணக்கில் கண்காணித்த ஒளிகளை, இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் அறிவியலாளர்கள் ஆராய்ந்து, வியாழன், வெள்ளி என்று அடையாளம் காட்டினார்கள்.

ஆகவே, முதலில் கைபேசியைச் சட்டைப்பையில் போடுங்கள். ஒரு மின்கம்பத்தின் விளிம்புக்கு நேராக அந்த ஒளி தெரியும்படி நின்று, கால் மணி நேரம் நகராமல் பாருங்கள். கோளாக இருந்தால் மற்ற விண்மீன்களோடு சேர்ந்து மெல்லச் சரியும். மறுநாள் அதே நேரத்தில் அங்கேயே வந்து நின்றால், ஏறத்தாழ அதே இடத்தில் அது இருக்கும். வானில் எந்தக் கோள் எங்கே இருக்கிறது என்று காட்டும் ஸ்டெல்லேரியம் செயலியிலும் சரிபார்க்கலாம். தயவுசெய்து லேசர் விளக்கை அதன்மேல் அடிக்காதீர்கள், அந்தத் திசையில் உண்மையிலேயே விமானம் வரக்கூடும். வண்டி ஓட்டிக்கொண்டே அண்ணாந்து பார்க்கவும் வேண்டாம். அதன் பிறகும் விளங்கவில்லை என்றால் தயங்காமல் அழையுங்கள். ஆனால் பார்த்த நேரம், திசை, கையை நீட்டி முஷ்டியால் அளந்தால் அடிவானத்திலிருந்து எத்தனை முஷ்டி உயரம் என்ற மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு அழையுங்கள். காணொளியை அனுப்ப வேண்டாம்.