சிலிக்கோசிஸ்: கல்தூசு நோய்

சக்கிமுக்கிக் கல்லுக்கு லத்தீனில் சிலெக்ஸ் என்று பெயர். அதோடு, நோய்நிலையைக் குறிக்கும் கிரேக்க விகுதியான ‘ஓசிஸ்’ என்பதை ஒட்டி, 1870-ல் மிலான் நகர மருத்துவர் அக்கிலே விஸ்கோந்தி ஆக்கிய சொல் சிலிக்கோசிஸ். தலை லத்தீன், வால் கிரேக்கம். தூசால் வரும் நுரையீரல் நோய்களுக்கெல்லாம் பொதுப்பெயர் நியூமோகோனியோசிஸ். அதில் ‘கோனிஸ்’ என்றால் தூசு. சிலிக்கோசிஸ் அந்தக் குடும்பத்தில் ஒன்று.

நோயைத் தருவது படிகச் சிலிக்கா. சுரங்கங்களில் அது பெரும்பாலும் குவார்ட்ஸ் என்ற கனிமமாக இருக்கும். தங்கம் பல இடங்களில் குவார்ட்ஸ் பாறைக்குள்தான் ஓடுகிறது. அதைத் துளைக்கும்போது கிளம்பும் தூசில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். சில மைக்ரோமீட்டர் அளவே உள்ள நுண்துகள்தான் நுரையீரலின் உட்கோடியில் உள்ள காற்றறை வரை போகிறது. அங்கே துப்புரவு வேலை பார்க்கும் உயிரணுவான விழுங்கணு அதை விழுங்கும், செரிக்க முடியாமல் செத்துப்போகும். வெளியே விழுந்த துகளை அடுத்த விழுங்கணு விழுங்கும். இப்படியே தழும்பு முடிச்சுகள் வளரும். வேலையை விட்ட பிறகும் இந்தச் சுழற்சி நிற்பதில்லை. பத்து, இருபது ஆண்டுகள் கழித்து, ஊரில் வயல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போது மூச்சு வாங்கத் தொடங்குவது அதனால்தான்.

சிலிக்கோசிஸ் என்ற சொல் பரவுவதற்கு முன் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இந்நோய்க்கு ‘சுரங்கத் தொழிலாளர் தைசிஸ்’ என்று பெயர். இழப்பீட்டுக்காக 1911, 1912-ல் வந்த சட்டங்களின் தலைப்பிலும் அதே சொல்தான். தைசிஸ் என்றால் கிரேக்கத்தில் தேய்தல், மெலிதல். காசநோயையும் அக்காலத்தில் அப்படித்தான் அழைத்தார்கள். நம் க்ஷயம் என்ற சொல்லுக்கும் தேய்வு என்றே பொருள். எலும்புருக்கியும் அந்த வழிதான். உடம்பு என்ன ஆகிறது என்பதை இச்சொற்கள் சொல்கின்றன, எதனால் ஆகிறது என்பதைச் சொல்வதில்லை. கிருமியால் தேய்ந்தவரும் தூசால் தேய்ந்தவரும் ஒரே பெயருக்குள் அடங்கிவிடுகிறார்கள்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. தென்னாப்பிரிக்காவின் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, காசநோய்க்கு இழப்பீடு கிடைக்க, அது சுரங்க வேலையில் இருக்கும்போதோ விட்ட 12 மாதங்களுக்குள்ளோ கண்டறியப்பட்டிருக்க வேண்டும். சிலிக்கோசிஸுக்கு அப்படிக் கெடு இல்லை. அண்டை நாடுகளான லெசோத்தோவுக்கும் மொசாம்பிக்குக்கும் திரும்பிப்போன முன்னாள் தொழிலாளியின் மருத்துவச் சீட்டில் எந்தப் பெயர் எழுதப்படுகிறது என்பதில் இழப்பீடு இருக்கிறது. 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தில் ஆறு சுரங்க நிறுவனங்கள் இழப்பீடாக ஒப்புக்கொண்ட தொகை, அந்நாட்டுப் பணத்தில் ஏறக்குறைய 500 கோடி ராண்ட்.

இனித் தமிழ்ச் சொல். தமிழர்கள் பெருமளவில் வேலை செய்த கோலார் தங்கவயலில் 1940-களில் நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் தெரிந்தது. மைசூர் அரசு 1940-லேயே சிலிக்கோசிஸ் விதிகளைக் கொண்டுவந்திருந்தது. அங்கும் சட்டத்தின் சொல் ஆங்கிலம் வழி வந்ததுதான்.

சிலிக்கானுக்கு மண்ணியம் என்ற ஆக்கம் உண்டு. அதை வைத்து ‘மண்ணிய நோய்’ என்றால் இரண்டு பிழைகள். நோய் தருவது சிலிக்கான் தனிமம் அல்ல, அதன் ஆக்சைடான படிகச் சிலிக்கா. தவிர, கேட்பவருக்கு மண் தின்ற நோய் போல ஒலிக்கும். ‘நுரையீரல் தூசுநோய்’ நல்ல சொல், ஆனால் அது நியூமோகோனியோசிஸுக்குப் பொருந்துவது; நிலக்கரித் தூசும் அதில் அடங்கும். சிலிக்கோசிஸுக்குக் கல்தூசு நோய் என்பதே பொருத்தம். இலக்கணப்படி கல்லும் தூசும் சேர்ந்தால் கற்றூசு. அப்படி எழுதினால் ஒருவருக்கும் புரியாது, கல்தூசு என்றே இருக்கட்டும். அஸ்பெஸ்டாஸால் வரும் கல்நார் நோயோடு மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மருத்துவமனையில் குழப்பம் காசநோயோடுதான். இருமல், மெலிவு, மூச்சுத்திணறல் இரண்டிலும் உண்டு. எக்ஸ்ரேயில் இரண்டுமே மேல்பகுதியில்தான் அதிகம் தெரியும். கல்தூசு நோயில் வழக்கமாக இருபுறமும் 10 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு உருண்டைப் புள்ளிகள் காணும். அவை ஒன்றுசேர்ந்து 10 மில்லிமீட்டரைத் தாண்டினால் நோய் முற்றிய கட்டம். சளியில் கிருமி இல்லாமலே மறுபடி மறுபடி காசநோய் மாத்திரை தரப்படுவது சுரங்க ஊர்களில் பழகிப்போன தவறு. இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு. காசநோய்க் கிருமியை எதிர்க்க வேண்டிய விழுங்கணுக்களே கல்தூசால் பழுதாகின்றன. அதனால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. அப்படிப்பட்டவருக்கு வழக்கமான 6 மாத மருந்தை 8 மாதமாவது நீட்டிக்கச் சொல்வார்கள். சீட்டில் இரண்டு நோயின் பெயரும் தனித்தனியாக வர வேண்டும். எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, துளைக்கும் வேலையா வாரும் வேலையா, தண்ணீர் விட்டுத் துளைத்தார்களா வெறுமனே துளைத்தார்களா என்பதையும் அதன்கீழ் எழுதி வாங்க வேண்டும்.